இன்று நீங்கள் துவாலு!

கண்ணை மூடிக்கொண்டு ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். 'கண்ணை மூடினால் எப்படிப் படிப்பதாம்?' என்கிறீர்களா? அதுவும் சரிதான். திறந்தே வைத்துக்கொள்ளுங்கள்!

பள்ளி விட்டாயிற்று. ஆனால் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. புதிதாக ஆரம்பித்திருக்கும் மன்றத்தின் முதல் கூட்டம் இன்று. மிஸ் ஒரு பிஸ்கட் டின்னைக் குலுக்கிக்கொண்டே வருகிறார். உள்ளே பிஸ்கட் இல்லை, மடித்த சீட்டுகள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும்.

"ஹையா! எனக்கு அமெரிக்கா!" என்று ஒருவன் குதிக்கிறான். இன்னொருவனுக்குச் சீனா. உங்கள் பக்கத்தில் உட்காரும் தோழிக்கு இந்தியா! உங்கள் முறை வருகிறது. ஆவலாகப் பிரிக்கிறீர்கள். உள்ளே 'துவாலு' என்று எழுதியிருக்கிறது.

"மிஸ்! இது நாடா, தின்பண்டமா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரிக்கிறார்கள். உங்கள் முகம் சுருங்கிப் போகிறது.

கவலைப்படாதீர்கள். அந்த டின்னிலேயே சுவாரசியமான சீட்டு உங்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

இது என்ன விளையாட்டு?

சின்ன வயதில் கடை வைத்து விளையாடியிருப்பீர்கள். டீச்சர் விளையாட்டு ஆடியிருப்பீர்கள். இது 'நாடு' விளையாட்டு! இதற்கு 'மாதிரி ஐ.நா. சபை' என்று பெயர். ஒவ்வொரு மாணவரும் ஒரு நாட்டின் தூதராகிவிட வேண்டும். அந்த நாட்டுக்காகப் பேச வேண்டும், வாதாட வேண்டும், மற்ற நாடுகளுடன் சேர்ந்து ஒரு தீர்மானம் எழுத வேண்டும்.

இந்த விளையாட்டுக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 'இனிமேல் சண்டை வேண்டாம், பேசித் தீர்ப்போம்' என்று 1920-ல் சர்வதேச சங்கம் தொடங்கப்பட்டது. அந்த 1920-களிலேயே அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதைப் போலவே கூட்டம் நடத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாவம், அந்தச் சங்கத்தால் இரண்டாம் உலகப் போரைத் தடுக்க முடியவில்லை. போர் முடிந்ததும், 1945 அக்டோபர் 24-ல் ஐக்கிய நாடுகள் சபை பிறந்தது. மாணவர்களும் தங்கள் விளையாட்டின் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

1952-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே மாதிரி ஐ.நா. மாநாட்டைத் தொடங்கியது. 1968-ல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இன்னொன்று தொடங்கியது. இந்த ஊரின் பெயரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் மறுபடியும் வரும்! இப்போது நம் இந்தியாவிலும் பல பள்ளிகளில் இந்த மன்றம் உண்டு.

ஆனால் ஒரு சிக்கல். வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக விமான டிக்கெட் வேண்டும், தங்க ஓட்டல் வேண்டும், கோட்டு சூட்டு வேண்டும். எத்தனை பேரால் முடியும்? உலக நாடுகளைப் பற்றிப் பேசும் மன்றத்தில், காசு இருப்பவர்கள் மட்டும் பேசினால் நியாயமா?

இதற்கு ஒரு வழியாக, 2011-ல் இணையத்திலேயே மாதிரி ஐ.நா. நடத்தும் முயற்சி ஆரம்பமானது. அப்போது அதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 2020-ல் கொரோனா வந்ததும் உலகம் முழுக்கப் பள்ளி மன்றங்கள் கணினித் திரைக்குள் நுழைந்துவிட்டன. கொரோனா போன பிறகும் பல மன்றங்கள் அந்த வழியை விடவில்லை. சின்ன ஊர்ப் பள்ளிக்கும் ஒரு நாற்காலி கிடைக்கிறதே!

திரையில் எப்படி நடக்கும்?

நேரில் நடக்கும் கூட்டத்தில் பேச விரும்பும் தூதர் தன் நாட்டின் பெயர்ப்பலகையை உயர்த்திக் காட்டுவார். திரையில் 'கை தூக்கும்' பொத்தானை அமுக்க வேண்டும். தலைவர் உங்கள் நாட்டின் பெயரைச் சொன்னதும் பேசலாம். கொடுத்த நேரம் முடிந்தால் நிறுத்தியே ஆக வேண்டும்.

நிஜ ஐ.நா.வில் மேடையில் நடப்பதைவிட, வராந்தாவில் நடக்கும் பேச்சுகள் முக்கியமானவை. காபி குடித்துக்கொண்டே, 'நீங்கள் இந்த வரியை விட்டுக்கொடுத்தால், நாங்கள் அந்த வரியை ஒத்துக்கொள்கிறோம்' என்று பேசி முடிப்பார்கள். திரையில் வராந்தா ஏது? அதனால் ஐந்தாறு நாடுகளாகப் பிரித்து, தனித்தனி 'அறை'களுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எல்லோரும் ஒரே பக்கத்தில் ஒரே சமயத்தில் எழுதலாம். நீங்கள் எழுதிய வரியை இன்னொரு நாட்டில் இருக்கும் மாணவர் அடித்துத் திருத்துவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கோபம்கூட வரும்!

இன்னொரு வேடிக்கை, கடிகாரம். குளிர்காலத்தில் ஒரு நாள் நம் ஊரில் இரவு 7.30 மணிக்குக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தி ஹேக்கில் பிற்பகல் 3 மணி. நியூயார்க்கில் காலை 9 மணி. ஒருவர் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவார். இன்னொருவர் காலை டிபனோடு வருவார். துவாலுவில்? மறுநாள் அதிகாலை 2 மணி!

'எல்லாம் சரி, திரையில் பேசினால் அது நிஜப் பேச்சு ஆகுமா?' என்று கேட்கிறீர்களா? நிஜ ஐ.நா.வே அப்படித்தான் நடந்தது தெரியுமா! 2020 மார்ச் மாதத்தில் பாதுகாப்பு கவுன்சிலின் 15 நாடுகளும் வீடியோ வழியாகப் பேசத் தொடங்கின. வழக்கமாகக் கையைத் தூக்கி ஓட்டுப் போடுவார்கள். அப்போது கடிதமாக எழுதி, இ-மெயிலில் அனுப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பொதுச்சபையின் 75-வது ஆண்டுக் கூட்டம். உலகத் தலைவர்கள் யாரும் வழக்கம்போல் மேடையேறவில்லை. முன்பே பதிவு செய்த பேச்சை அனுப்பினார்கள். மண்டபத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த தூதர்கள் அதைத் திரையில் பார்த்தார்கள்.

வீட்டுப்பாடம்: துவாலு

இப்போது உங்கள் சீட்டுக்கு வருவோம். ஒரு நாட்டுக்காகப் பேச வேண்டுமானால் முதலில் அந்த நாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

துவாலு, பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கிறது. மொத்தம் 9 தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் 26 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சிக்குள் 16 துவாலுவை அடக்கிவிடலாம்! மக்கள் தொகை சுமார் 11 ஆயிரம். தலைநகரம் ஃபுனாஃபுட்டி.

அங்கே விளையாட இடம் கிடைப்பதே கஷ்டம். அதனால் விமானம் வராத நேரத்தில் விமான ஓடுதளத்திலேயே பிள்ளைகள் ஃபுட்பால் ஆடுவார்கள். விமானம் வரும்போது சைரன் ஊதும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்!

ஆறு கிடையாது. மழை நீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் குடிக்கிறார்கள். 'புலாகா' என்ற கிழங்கைக் குழி வெட்டிப் பயிரிடுகிறார்கள். நம் சேப்பங்கிழங்குக்குச் சொந்தம் அது.

துவாலுவின் இணைய முகவரிகள் 'டி.வி.' என்ற எழுத்துகளில் முடியும். நாட்டின் பெயரிலிருந்து வந்த எழுத்துகள் அவை. உலகத்தில் இருக்கும் வீடியோ கம்பெனிகளுக்கு அந்த எழுத்துகள் மேல் ஆசை! அதைப் பயன்படுத்தப் பணம் கொடுக்கிறார்கள். அந்த வருமானமும் உதவியாக இருக்க, 2000-ம் ஆண்டில் துவாலு ஐ.நா.வின் 189-வது உறுப்பினர் ஆனது. இன்று ஐ.நா.வில் 193 நாடுகள் இருக்கின்றன. பொதுச்சபையில் 140 கோடி மக்கள் உள்ள இந்தியாவுக்கு எத்தனை ஓட்டு? ஒன்று. 11 ஆயிரம் பேர் உள்ள துவாலுவுக்கு? அதுவும் ஒன்றுதான்!

இனி வருத்தமான பகுதி. துவாலுவின் நிலம் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 2 மீட்டர் உயரம்தான். உங்கள் வீட்டு வாசல் கதவின் உயரம் அவ்வளவுதான் இருக்கும். பூமி சூடாவதால் கடல் மட்டம் உயர்கிறது. பெரிய அலை வரும் நாட்களில் கடல் நீர் வீதிக்குள் வருகிறது. புலாகா குழிக்குள் உப்பு நீர் ஊறிக் கிழங்கு அழுகுகிறது.

அங்கிருக்கும் மக்கள் என்ன செய்கிறார்கள்? ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023-ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024-ல் அது அமலுக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறலாம். யார் போவது? குலுக்கல் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தினரையும் சேர்த்து, நாட்டு மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள்.

பார்த்தீர்களா குட்டீஸ்? நீங்கள் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்தது விளையாட்டுச் சீட்டு. அங்கே ஒரு சீட்டு, அண்ணன் எந்த ஊரில் வாழ்வான், பாட்டி எந்த ஊரில் இருப்பாள் என்று தீர்மானிக்கிறது. இனிமேல் யாராவது 'துவாலு தின்பண்டமா?' என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வருமா?

'நான்' சொல்லக்கூடாது!

மாதிரி ஐ.நா.வில் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. 'நான் நினைக்கிறேன்' என்று பேசக்கூடாது. 'துவாலு நினைக்கிறது', 'துவாலு கேட்டுக்கொள்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரையும் 'நீ' என்று சொல்லக்கூடாது. 'மதிப்புக்குரிய இந்தியத் தூதர்' என்றே அழைக்க வேண்டும்.

இது ஏதோ மரியாதைக்காக மட்டும் இல்லை. 'நான்' போய்விட்டால் பாதிச் சண்டை போய்விடும்! உங்கள் கருத்தை ஒருவர் மறுத்தால், அவர் மறுப்பது உங்களை அல்ல. கூட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகலாம்.

'ராஜதந்திரம்' என்றதும் நமக்குத் தந்திரக்கார நரிதான் ஞாபகம் வரும். ஏமாற்றுவதுதான் ராஜதந்திரம் என்று நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை. ஏமாற்றினால் ஒரு முறைதான் ஜெயிக்க முடியும். அடுத்த கூட்டத்தில் யாரும் உங்கள் அறைப் பக்கமே வர மாட்டார்கள். எதிராளிக்கு எங்கே வலிக்கிறது, அவருக்கு என்ன தேவை என்று கண்டுபிடித்து, இருவரும் ஒத்துக்கொள்ளும் வழியைத் தேடுவதுதான் ராஜதந்திரம்.

கடலில் நின்று பேசிய அமைச்சர்

மன்றத்தில் இந்த முறை தலைப்பு, பருவநிலை மாநாடு. நீங்கள் எப்படிப் பேச ஆரம்பிப்பீர்கள்? துவாலுவின் நிஜ அமைச்சர் ஒருவர் என்ன செய்தார் என்று பாருங்கள்.

2021 நவம்பரில் பிரிட்டனின் கிளாஸ்கோ நகரில் பருவநிலை மாநாடு நடந்தது. துவாலுவின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே அதற்காக ஒரு வீடியோ அனுப்பினார். கோட்டு, டை எல்லாம் பக்காவாக அணிந்திருந்தார். முன்னால் மைக் வைத்த மேசை. பின்னால் கொடி. ஆனால் அவர் நின்றது கடலுக்குள்! பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பேசினார். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அந்தப் படத்தைப் போட்டன. 11 ஆயிரம் பேர் வாழும் நாடு ஒரே ஒரு வீடியோவால் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்துவிட்டது. திரை வழியாகவும் ஒரு நாட்டின் குரலை உரக்கக் கேட்க வைக்கலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

எதிரே இந்தியா!

இப்போதுதான் உங்களுக்குச் சோதனை. அதே கிளாஸ்கோ மாநாட்டின் கடைசி நாள் காட்சியை உங்கள் மன்றம் நடித்துப் பார்க்கிறது.

தீர்மானத்தில் ஒரு வரி. நிலக்கரியால் மின்சாரம் எடுப்பதைப் 'படிப்படியாகக் கைவிடுதல்' என்று எழுதியிருந்தது. நிலக்கரி எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். அதனால் பூமி சூடாகும். சூடானால் கடல் உயரும். துவாலுவுக்கு அந்த வரி உயிர் மாதிரி.

அப்போது ஒரு நாடு எழுந்து, 'கைவிடுதல் வேண்டாம். படிப்படியாகக் குறைத்தல் என்று மாற்றுங்கள்' என்றது. அந்த நாடு எது தெரியுமா? இந்தியா!

ஆமாம், நம் நாடுதான். உங்கள் மன்றத்தில் அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் தோழி. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள் இந்தியர். ஆனால் இன்று நீங்கள் துவாலு!

தோழியின் பக்கம் நியாயமே இல்லையா? நிறைய இருக்கிறது. இந்தியாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. நம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். உங்கள் வீட்டு ஃபேன் சுற்றுவதிலும் அதற்குப் பங்கு இருக்கலாம். பணக்கார நாடுகள் நூறு, இருநூறு வருடங்களாக நிலக்கரியை எரித்து முன்னேறிவிட்டன. ஏழைகள் நிறைந்த நாடுகள் இப்போதுதான் முன்னேறுகின்றன. 'நீங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள், நாங்கள் இலையில் உட்காரும்போது பந்தி முடிந்தது என்கிறீர்களே' என்பது போன்ற கோபம் அது.

துவாலுவின் நியாயம்? 'எங்கள் நாடு கக்கும் புகை மிகமிகக் குறைவு. நாங்கள் பந்தியிலேயே உட்காரவில்லை. ஆனால் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வருகிறது.'

இரண்டுமே உண்மை. இப்போது என்ன செய்வீர்கள்?

இன்னொரு விஷயம். பருவநிலை மாநாட்டில் ஓட்டெடுப்பு வைப்பதில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. அதனால் குட்டி நாடு எதிர்த்தால்கூடக் கூட்டம் தடுமாறும். 2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டில் துவாலு வைத்த ஒரு கோரிக்கையால் பேச்சுவார்த்தையே சிறிது நேரம் நிறுத்தப்பட்டது!

ஆக, கிளாஸ்கோவில் தீவு நாடுகள் முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, 'முடியாது' என்று எதிர்த்து நிற்கலாம். அப்போது முழுத் தீர்மானமும் கவிழ்ந்துவிடலாம். இல்லையென்றால், ஒரு வார்த்தையை விட்டுக்கொடுத்து மற்றதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

நீங்களே சொல்லுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

யோசித்தீர்களா? நிஜத்தில் நடந்தது இதுதான். மார்ஷல் தீவுகள், ஃபிஜி போன்ற தீவு நாடுகள் தங்கள் வருத்தத்தை எழுந்து சொல்லின. ஆனால் எதிர்த்து நின்று கவிழ்க்கவில்லை. ஒத்துக்கொண்டன. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். பேசும்போதே அவர் குரல் அடைத்தது. 2021 நவம்பர் 13-ல் தீர்மானம் நிறைவேறியது.

தீவு நாடுகள் தோற்றுவிட்டனவா? அப்படியும் சொல்ல முடியாது. அத்தனை ஆண்டுகளாக நடந்த பருவநிலை மாநாடுகளின் முடிவில் 'நிலக்கரி' என்ற சொல் இடம்பெற்றது அதுதான் முதல் முறை. ஜெயித்துவிட்டனவா? அதுவும் இல்லை. தண்ணீர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. முழு வெற்றியும் இல்லாமல் முழுத் தோல்வியும் இல்லாமல் எழுந்து போய், அடுத்த கூட்டத்துக்கு மறுபடி வந்து உட்கார வேண்டும். தூதர்களின் வேலையில் கஷ்டமான பகுதி இதுதான். மன்றத்தில் மாணவர்கள் பழகிக்கொள்வதும் இதைத்தான்.

அந்த மாலை கூட்டம் முடிந்து, உங்கள் தோழியும் நீங்களும் கேமராவை அணைக்கும்போது, இந்தியா ஏன் அப்படிக் கேட்டது என்று உங்களுக்குத் தெரியும். துவாலு ஏன் அழுதது என்று அவளுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்திருந்தால் இது புரிந்திருக்குமா?

வகுப்பறையில் பிறந்த வழக்கு

'எல்லாம் விளையாட்டுத்தானே! மாணவர்கள் பேசி என்ன ஆகப் போகிறது?' என்று யாராவது கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

துவாலுவைப் போலவே பசிபிக்கில் இருக்கும் இன்னொரு தீவு நாடு வனுவாட்டு. அங்குள்ள தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் 2019-ல் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்களுக்கு ஒரு யோசனை. 'பூமியைச் சூடாக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமை நாடுகளுக்கு உண்டா, இல்லையா? உலகின் பெரிய நீதிமன்றத்திடமே கேட்டுவிட்டால் என்ன?'

பசிபிக் நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு அந்த யோசனையைக் கையில் எடுத்தது. நடுவில் கொரோனா வந்தது. அவர்கள் விடவில்லை. ஒவ்வொரு நாடாக ஆதரவு சேர்ந்தது. 2023 மார்ச் 29-ல் ஐ.நா. பொதுச்சபை, ஓர் எதிர்ப்புகூட இல்லாமல், அந்தக் கேள்வியைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பும் தீர்மானத்தை நிறைவேற்றியது.

அந்த நீதிமன்றம் எங்கே இருக்கிறது? தி ஹேக்கில்! மறந்துவிடாதீர்கள் என்று சொன்னேனே, அந்த ஊர்தான். 2025 ஜூலை 23-ல் நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள்: 'ஆம், பருவநிலையைப் பாதுகாக்கும் கடமை நாடுகளுக்குச் சட்டப்படியே உண்டு.' இது ஆலோசனைக் கருத்துதான். யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் இனி எந்த மாநாட்டிலும் துவாலு பேசும்போது, இந்தக் காகிதத்தை மேசை மேல் எடுத்து வைக்கலாம்.

27 மாணவர்கள் ஒரு வகுப்பறையில் தொடங்கியது. ஆறு வருடங்களில் உலக நீதிமன்றத்தின் படியேறிவிட்டது!

நீங்களும் நடத்தலாம்!

இதற்குக் கோட்டும் வேண்டாம், விமான டிக்கெட்டும் வேண்டாம். பத்துப் பேரும் ஒரு பிஸ்கட் டின்னும் போதும். இணையம் இருந்தால் வேறு ஊரில் இருக்கும் மாமா பிள்ளைகளையும் அத்தை பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

1. பத்து நாடுகளின் பெயரைச் சீட்டில் எழுதுங்கள். பெரிய நாடுகள் ஐந்து, குட்டி நாடுகள் ஐந்து. சீட்டு எடுத்த பிறகு மாற்றக்கூடாது!

2. ஒரு வாரம் அவகாசம். அட்லஸ், நூலகம், செய்தித்தாள் எல்லாவற்றிலும் உங்கள் நாட்டைத் தேடுங்கள். எங்கே இருக்கிறது? மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? எதற்குப் பயப்படுகிறார்கள்? ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

3. ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். குடிநீர், பிளாஸ்டிக் குப்பை, கடல் மீன் என்று எதுவாகவும் இருக்கலாம்.

4. ஆளுக்கு ஒரு நிமிடம். 'நான்' என்று சொன்னால் ஒரு மதிப்பெண் குறையும். திரையில் கூடினால், பேசும் முன் மியூட் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்!

5. இருபது நிமிடம் தனித்தனிக் குழுவாகப் பேசித் தீர்மானம் எழுதுங்கள். ஐ.நா. தீர்மானம் எத்தனை பக்கம் இருந்தாலும் ஒரே வாக்கியமாக, ஒரே ஒரு முற்றுப்புள்ளியோடு முடியும். அதேபோல் முயன்று பாருங்கள். தமிழ் டீச்சர் என்ன சொல்வார் என்பதற்கு நான் பொறுப்பில்லை!

6. தீர்மானத்தை ஏற்கிறீர்களா என்று ஒவ்வொரு நாடாகக் கேளுங்கள். ஒரு நாடு மறுத்தாலும் 'ஏன்?' என்று கேட்டு, வரியை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கூட்டம் முடிந்ததும் 'யார் நன்றாகப் பேசினார்கள்?' என்று கேட்காதீர்கள். 'மற்ற நாட்டைப் பற்றி முன்பு தெரியாத எதை இன்று தெரிந்துகொண்டாய்?' என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

என்ன குட்டீஸ், டின்னைத் தேட ஆரம்பித்துவிட்டீர்களா? பிஸ்கட்டைக் காலி செய்யும் பொறுப்பை மட்டும் தம்பி, தங்கையோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் முதல் ராஜதந்திரம்!